கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசு

"திட்டுனது ஒரே ஒரு வரிதானாமா. அதுக்கெதுக்குக் கண்ணு ரெண்டு நாளாச் சோறு எறங்காம உக்காந்திருக்கறா?"

பெரியப்பா கேட்டது தன் மகள் வயிற்றுப் பேத்தியைப் பற்றி. பீளமேட்டில் எங்கள் தெரு முனை டீக்கடை, காலை 6.30 மணி. பெரியப்பா ஒரு பம்ப் பட்டறையில் 36 வருடம் லேத்தில் நின்று ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். ஷாஃப்டைக் கையில் உருட்டிப் பார்த்தே எந்தப் பக்கம் ஒரு துளி ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. தொடும் எண்ணமும் இல்லை.

பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எழுதுவதற்கு ஒரு சின்ன எடிட்டரைப் பயன்படுத்துகிறாள். காசில்லாமல் கிடைப்பது, உள்ளே இருக்கும் நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் தமிழில் அடித்துவிட்டு அம்புக்குறியை நகர்த்தினால், கர்சர் 'கு'வின் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். நமக்குக் 'கு' ஓரெழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. இவள் இரண்டு வாரம் ராத்திரி கண்விழித்து அதைச் சரிசெய்து, அந்த எடிட்டரை வைத்து நடத்துகிறவர்களுக்கு அனுப்பினாள். பதில் இரண்டு வந்தது.

முதலாவது ஒரே வரி. இந்த மாதிரிக் குப்பையை அனுப்பி எங்கள் நேரத்தைக் கெடுக்காதே, முதலில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு வா என்பது அதன் சாரம். இரண்டாவது 14 வரி. உன் திருத்தம் 'கு'வுக்குச் சரி, ஆனால் 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் வரும், மூன்று துண்டாகவும் வரும், நீ ஒன்றை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். காலி வரியில் அம்புக்குறியை அழுத்தினால் நிரல் விழுந்துவிடுகிறது. இந்த வேலையை ஐசியு என்ற நூலகம் ஏற்கெனவே செய்கிறது, அதைப் பயன்படுத்தினால் தமிழோடு இந்தியும் தாய் மொழியும் சரியாகிவிடும். சோதனை நிரல் எதையும் நீ சேர்க்கவில்லை. ஆகவே இப்போதைக்கு இதை எடுத்துக்கொள்ள முடியாது, சரிசெய்து அனுப்பினால் மறுபடி பார்க்கிறேன்.

தாய் மொழி என்றால் தாய்லாந்துக்காரர்கள் பேசுவது. பெரியப்பா புருவத்தைத் தூக்கியதால் இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

பேத்தி முதல் பதிலை இருபது தடவை படித்திருக்கிறாள். இரண்டாவதைப் பாதியிலேயே விட்டுவிட்டாள். அவள் கணக்கில் இரண்டு பேரும் சேர்ந்து திட்டிவிட்டார்கள்.

பெரியப்பா கிளாஸை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். "ரெண்டாவது ஆளு நாலு தப்புக் கண்டுபுடிச்சிருக்கறான். மொத ஆளு ஒண்ணுகூடக் கண்டுபுடிக்கலியே!"

நான் சொல்ல நினைத்திருந்ததில் பாதியை அவரே சொல்லிவிட்டார். மீதிப் பாதிக்கு இரண்டு டீ ஆனது.

---

"அதெல்லாம் இருக்கட்டும். ஓசியில குடுக்கறவனையும் திட்டறாங்க, ஓசியில வேல செஞ்சு குடுக்கற புள்ளையவும் திட்டறாங்க. என்ன தொழில் இது?"

நல்ல கேள்வி. உங்கள் பட்டறை பம்பின் டிராயிங்கை வாசல் கேட்டில் ஒட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துப் பம்ப் செய்துகொள்ளலாம். விற்கலாம். டிராயிங்கில் தப்பு இருந்தால் திருத்திக் கொண்டுவந்து கொடுக்கலாம். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். மூல டிராயிங்கை வைத்துக் காப்பாற்றுகிறவர் பராமரிப்பாளர். வருகிற திருத்தத்தை எல்லாம் அவர்தான் பார்த்து, ஏற்கவோ தள்ளவோ வேண்டும். பெரிய திட்டங்களில் இதற்குச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் உண்டு. சின்னதும் நடுத்தரமுமான பலவற்றில், பகலில் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருகிற ஒற்றை ஆள்தான் பட்டறை முழுவதும்.

இந்த ஏற்பாட்டில் விமர்சனம் என்பது ஓரத்தில் நடக்கும் சங்கதி இல்லை. உற்பத்தியே அதில்தான் நடக்கிறது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகத்துக்கு அறிவித்தபோது, அப்போது புழக்கத்தில் இருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். லினக்ஸ் பிறந்த முதல் நாளே குறை கேட்டுக்கொண்டுதான் பிறந்தது. பெரியப்பா சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் அதுதான்.

"அப்ப திட்டு வாங்கறதுக்குத் தயாரா இருக்கோணுமில்ல?" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சேர்த்தார். "நானும் திட்டாத பையன் கெடையாது கண்ணு. ஒருக்கா ஒருத்தன் செஞ்ச புஷ்ஷத் தூக்கி வெளியில வீசுனேன். இன்னிக்கு அவன் சொந்தமாப் பட்டறை வெச்சு இருவது பேருக்குச் சம்பளம் குடுக்கறான்."

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. திட்டி வளர்த்த ஆசான்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு, வாங்கி வளர்ந்தவர்கள் நன்றியோடுதான் சொல்கிறார்கள். டோர்வால்ட்ஸே அந்த வகை ஃபோர்மேன்தான்.

2012 டிசம்பரில் லினக்ஸின் கருவான கெர்னலில் ஒரு மாற்றம் வந்தது. அதனால் மேலே ஓடிக்கொண்டிருந்த சில ஒலி, வீடியோ நிரல்கள் உடைந்தன. மாற்றத்தைப் பார்த்துக்கொண்ட மூத்த பராமரிப்பாளர், தப்பு அந்த நிரல்கள் பக்கம்தான் என்கிற மாதிரிப் பேசினார். டோர்வால்ட்ஸ் எழுதிய பதிலைக் கடைத்தெருவில் உரக்கப் படிக்க முடியாது. வாயை மூடு என்பதுதான் அதில் மரியாதையான பகுதி. ஆனால் வசவுகளை உதறிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு விதி கிடக்கிறது: கெர்னலை மாற்றியதால் பயனருடைய நிரல் உடைந்தால், அது கெர்னலின் தப்பு, பயனரைக் குறை சொல்லாதே. பிரமாதமான விதி. நேற்று ஓடியது இன்றும் ஓடும் என்று நம்பி உலகம் லினக்ஸைப் போட்டுக்கொண்டதில் அந்த விதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

"பாத்தியா!" என்றார் பெரியப்பா.

பார்த்தேன். ஆனால் அந்த விதியைச் சொல்ல அந்த வசவு வேண்டியிருந்ததா என்று கேட்டேன். பதிலுக்கு அவர் டீ மாஸ்டரைப் பார்த்து இன்னும் ரெண்டு என்று விரலைக் காட்டினார்.

2013இல் யுஎஸ்பி 3.0 இயக்கியை எழுதிய சேஜ் ஷார்ப், இப்படிப் பேசுவதை நிறுத்துங்கள் என்று டோர்வால்ட்ஸிடமே வெளிப்படையாகச் சொன்னார். இவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரில்லை, கெர்னலின் ஒரு பகுதியையே சுமந்தவர். டோர்வால்ட்ஸ் அப்போது மசியவில்லை. ஷார்ப் 2015இல் கெர்னல் வேலையை விட்டுவிட்டதாக எழுதினார். போனவர் ஒருவர் பெயர் தெரிகிறது. அந்த வசவு மடல்களைப் படித்துவிட்டு, முதல் பேட்சை அனுப்பாமலே லேப்டாப்பை மூடியவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஏட்டிலும் எழுதிவைக்க முடியாது.

2018 செப்டம்பர் 16ஆம் தேதி டோர்வால்ட்ஸே இறங்கிவந்தார். தன் மின்னஞ்சல்களில் செய்த தாக்குதல்கள் தகாதவை என்று மன்னிப்புக் கேட்டு, அடுத்தவர் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போகிறேன் என்று சொல்லிக் கொஞ்ச காலம் ஒதுங்கினார். 4.19 பதிப்பை கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் கையில் கொடுத்தார். கெட்ட வார்த்தை இருந்தால் மடல் வெளியே போகாதபடி ஒரு வடிகட்டி வைத்துக்கொள்ளலாமா என்று தன்னையே கிண்டலும் செய்துகொண்டார். அதே நேரத்தில் கெர்னலுக்கு முறையான நடத்தை விதிகளும் வந்தன. அக்டோபரில் திரும்பினார். அதற்குப் பிறகும் மோசமான நிரலை அவர் தள்ளத்தான் செய்கிறார், கோபம் எட்டிப்பார்ப்பதும் உண்டு. தரம் இறங்கி லினக்ஸ் கெட்டுப்போய்விடும் என்று அன்று புலம்பியவர்கள் இருந்தார்கள். அது நடக்கவில்லை.

"நீங்க அந்தப் பையன் புஷ்ஷ வீசுனீங்க. அப்பறம் என்ன பண்ணுனீங்க பெரியப்பா?"

"அப்பறமா? மத்தியானம் அவனக் கூப்புட்டு, டூல எப்படி அரைக்கறதுன்னு பக்கத்துல நின்னு காட்டுனேன். கோவத்துல சாப்புடாம இருந்தான், போண்டா வாங்கிக் குடுத்தேன்."

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பையனுக்குக் கிடைத்தது வசவு மட்டுமில்லை. வசவு, அரைக்கக் கற்றுக்கொடுத்த கை, போண்டா, நாளைக் காலையும் இதே ஆள் முகத்தில்தான் முழிக்கப் போகிறோம் என்ற நிச்சயம், எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தது. திரையில் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறார்கள். வசவு மட்டும் வந்து சேருகிறது. பட்டறையில் கத்தியது சாயங்காலம் கேட் மூடும்போது போய்விடும். எழுத்தில் கத்தியது பத்து வருடம் கழித்துத் தேடினாலும் அதே சூட்டோடு கிடைக்கும். எழுதுகிறவருக்கும் எதிரில் இருக்கும் முகம் சுருங்குவது தெரியாது, அதனால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது.

---

இரண்டாவது டீ வந்தபோதுதான் எக்ஸ்இசட் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை வசவுக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டிவரும் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை இல்லை.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளை அழுத்திச் சுருக்கிக் கட்டும் கருவி. பெரிய மூட்டையைச் சிறு பொட்டலமாக்கும் வேலை. லினக்ஸ் ஓடும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கும். இதைப் பல வருடமாகப் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் கிடையாது. 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பேட்ச்கள் அனுப்பத் தொடங்கினார். அடக்கமான ஆள், வேலையும் ஒழுங்காக இருந்தது.

2022இல் முன்பின் தெரியாத சில பெயர்கள் முளைத்தன. பேட்ச்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன, இந்த வேகத்தில் போனால் ஒன்றும் உருப்படாது, பராமரிப்பாளருக்கு அக்கறை போய்விட்டது, முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியதுதானே என்று மாற்றி மாற்றி எழுதின. ஒன்றிலாவது நிரலைப் பற்றி ஒரு வரி உருப்படியாக இருந்ததா என்றால் இல்லை. கோலின் பொறுமையாகப் பதில் எழுதினார். அக்கறை போகவில்லை, நீண்ட நாளாக மனநலப் பிரச்சினைகள் இருப்பதாலும் வேறு காரணங்களாலும் தன்னால் முடிந்தது குறைவாக இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள் என்றார். அதற்கும் இரக்கம் கிடைக்கவில்லை. உங்கள் நிலைமைக்கு வருத்தம், ஆனாலும் சமூகத்துக்கு இது போதாது என்கிற தோரணையில்தான் பதில் வந்தது. கொஞ்ச நாளில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். சாவிக்கொத்து கைமாறிவிட்டது.

2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பு வந்தது, அடுத்த மாதம் 5.6.1. இரண்டிலும், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ஒளித்துவைத்த கள்ளவழி ஒன்று இருந்தது.

"பொடக்காளிக் கதவு" என்றார் பெரியப்பா.

ஆமாம், பொடக்காளிக் கதவேதான், வீட்டுப் பின்பக்கக் கதவு. தொலைவில் இருக்கும் சர்வருக்குள் நுழைவதற்கு எஸ்எஸ்ஹெச் என்று ஒரு காவல் வாசல் உண்டு. கள்ளவழிக்கான சாவியை வைத்திருக்கும் ஆள் மட்டும் காவலைத் தாண்டி உள்ளே வந்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ள அந்தக் கதவு வழிவிடும். டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது புகுந்தும்விட்டது. நிறுவனங்கள் நம்பி ஓட்டும் நிலையான பதிப்புகளுக்குப் போவது பாக்கி.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், அப்போது மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் நிரலாளர். பாதுகாப்புத் துறை ஆளே இல்லை. தன் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார்.

"அரை செகண்டா?" பெரியப்பா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேரிங் போகறதுக்கு முன்னால சத்தம் ஒரு நூல் மாறும். மத்தவனுக்குக் கேக்காது."

அதே காதுதான். அந்த அரை நொடியைப் பிடித்துக்கொண்டு போய், 2024 மார்ச் 29ஆம் தேதி ஃப்ராய்ண்ட் எல்லாருக்கும் தெரியும்படி ஓர் அறிக்கை எழுதினார். நிரல் எழுதத் தெரியாதவர்களும் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். எதைப் பார்த்தேன், எப்படி அளந்தேன், முன்பு எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு நேரம், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, எந்தச் சூழலில் நடக்கிறது, எதில் நடக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டு போகிறார். நான் பாதுகாப்பு ஆய்வாளன் அல்ல, இன்னும் நிறைய விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். உலகத்தின் வாசலில் திருடன் நிற்கிறான் என்று கண்டுபிடித்தவர், குரலை ஒரு கட்டைகூட உயர்த்தவில்லை.

கோலினைக் குத்திக்கொண்டே இருந்த அந்தப் பெயர்கள்? அவை அதற்கு முன்னும் எங்கும் இல்லை, பின்னும் இல்லை. சாவியைக் கைமாற்ற வைப்பதற்காகவே உண்டாக்கிய போலி ஆட்கள் என்றுதான் ஆராய்ந்தவர்கள் பலரும் கருதுகிறார்கள். ஜியா டான் யார் என்பதும் இன்றுவரை வெளிவரவில்லை.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அந்தப் போலி வசவுகள் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. தினமும் எல்லாத் திட்டங்களிலும் எல்லாப் பராமரிப்பாளருக்கும் உண்மையான ஆட்கள் எழுதுவதும் அதே தொனிதானே, அதனால் வேஷம் அச்சாகப் பொருந்திவிட்டது. கூட்டம் கூச்சலிடும் தெருவில்தான் ஜேப்படிக்காரனுக்கு வசதி.

---

"சரி, அப்ப பதமா, மரியாதையாப் பேசுனா நல்லவன், கத்துனாக் கெட்டவன். அவ்வளவுதான?"

அவ்வளவுதான் என்றால் எனக்கும் இரண்டாவது டீ தேவைப்பட்டிருக்காது. கதவை வைத்த ஜியா டான் தேனாகப் பேசிய ஆள். மரியாதை மொழியில் வருகிற அடாவடிக்கு இன்னொரு நல்ல சாட்சி, ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க். இணையத்திலிருந்து எதையாவது இறக்குவதற்கான கர்ல் என்ற கருவியை 1998 முதல் காப்பவர். அந்தக் கருவி கார்களின் திரைக்குள்ளும் இருக்கிறது. உரிமப் பக்கத்தில் அவருடைய மின்னஞ்சல் முகவரி தெரிவதால், காரில் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்றுகூட ஊர் பேர் தெரியாதவர்கள் அவருக்கு எழுதுகிறார்கள்.

2022 ஜனவரியில், லாக்ஃபோர்ஜே என்ற வேறொரு மென்பொருளில் பெரிய ஓட்டை தெரிந்து உலகமே பதறிக்கொண்டிருந்த நேரம். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்திலிருந்து ஸ்டென்பெர்க்குக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. உங்கள் தயாரிப்பில் அந்த ஓட்டை உண்டா, எப்போது சரிசெய்வீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள், 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்ற கெடு. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு பைசாவும் கொடுத்ததில்லை. கர்லுக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தமும் இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று எழுதிவிட்டார் மனிதர்.

அண்மைக் காலத்தில் அவருக்கு வேறு தலைவலி. செயற்கை நுண்ணறிவை விட்டு எழுதவைத்த குறை அறிக்கைகள் குவிந்தன. இலக்கணப் பிழை கிடையாது, வணக்கமும் நன்றியும் தவறாமல் இருக்கும், பார்த்தால் ஃப்ராய்ண்டின் அறிக்கைக்குத் தம்பி மாதிரி நீளமாக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் இல்லாத ஓட்டை. சில சமயம் நிரலில் இல்லவே இல்லாத ஒரு பகுதியைக் குறிப்பிட்டு அங்கே ஓட்டை என்று சொல்லியிருக்கும். அது இல்லை என்று உறுதிசெய்ய அவர் அரை நாள் செலவழிக்க வேண்டும். அனுப்பியவர் செலவழித்தது அரை நிமிடம்.

இனிப்பா காரமா என்பதை வைத்து அளந்தால் இது பிடிபடாது. வேறு எதை வைத்து அளப்பது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா சட்டென்று சொன்னார்.

"எங்க பட்டறையில இன்ஸ்பெக்சன்ல ஒருத்தர் இருந்தாரு. பொல்லாத மனுசன், சிரிக்கவே மாட்டாரு. ஆனா வெறும் கையோட வந்து 'இது செரியில்ல'ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. கோ, நோ-கோ கேஜைக் கொண்டாந்து எம் முன்னாலயே வெச்சுக் காட்டுவாரு. ஓட்டையில போகக் கூடாத பக்கம் போகுதா, நீயே பாரு. அப்பறம் என்ன பேசறது? புதுசா வந்த மானேஜரு கேஜே தொடமாட்டான். தூரத்துல நின்னு 'என்னய்யா வேல பாக்கறீங்க'ம்பான். நல்லா ஓடற மிசினைப் பாத்தும் அதேதான் சொல்லுவான். கேஜ் வெச்சுப் பாத்துட்டுப் பேசுன்னு ஒருக்கா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டேன்."

எனக்கு இதற்குமேல் நல்ல விளக்கம் கிடைக்கப்போவதில்லை. ஆக்கபூர்வமான விமர்சனம் என்ற சொற்றொடர் மேடைகளில் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. பல பேர் அதை 'மனம் நோகாமல் சொல்வது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். சொல்கிறவர் முன்கூட்டியே எவ்வளவு உழைத்துவிட்டு வந்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் படும் அளவுகோல். பேத்திக்கு 14 வரி எழுதியவர் அவள் நிரலை ஓட்டிப் பார்த்திருக்கிறார். காலி வரியில் வைத்து உடைத்துப் பார்த்திருக்கிறார். தமிழ் தெரியாத ஒருவர், யூனிகோடு அட்டவணையைத் திறந்து 'கொ' எப்படியெல்லாம் வரும் என்று தேடியிருக்கிறார். ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் அவளுக்குக் கொடுத்த மரியாதை, 'அன்புடன்' என்று முடித்தாரா என்பது இரண்டாம் பட்சம். ஒரு வரிக்காரர் பேட்சைத் திறந்தாரா என்பதே சந்தேகம். அந்த வரியை வெட்டி வேறு யாருடைய பேட்சின் கீழ் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும்.

புட்டி என்ற கருவியை எழுதிய சைமன் டாதம், குறையை எப்படி அறிவிப்பது என்று 1999இலேயே நீண்ட கட்டுரை ஒன்று எழுதி வைத்திருக்கிறார். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாதே, நீ என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது என்று சொல், உன் ஊகத்தையும் நீ கண்ணால் பார்த்ததையும் தனித்தனியாக வை என்பது அதன் சாரம். லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஒரு பதில் மரியாதையும் உண்டு. குறையைச் சரிசெய்யும் பேட்சில், திருத்தியவர் பெயரோடு குறையைச் சொன்னவர் பெயரையும், சோதித்தவர் பெயரையும், பரிசீலித்தவர் பெயரையும் தனித்தனி வரியாகப் பதிகிறார்கள். ஒழுங்காகக் குறை சொன்னவருக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. கூலி இல்லாத ஊரில் இதுதான் கூலி.

கேஜ் வைத்துப் பார்த்தே பேசினாலும் கெட்டுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. ரஸ்ட் என்ற நிரல் மொழியில் ஆக்டிக்ஸ்-வெப் என்று ஒரு நல்ல திட்டம். நினைவகப் பாதுகாப்பில் அது அலட்சியமாக இருக்கிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆனால் ஒருவர் சொன்னால் விமர்சனம், அதையே நூறு பேர் ஆளுக்கு ஒரு கல்லாகக் கொண்டுவந்தால் வேறு. 2020 ஜனவரியில் அதை எழுதியவர் போதும் என்று விலகிவிட்டார், பிறகு வேறு ஒருவர் எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. நான் சொல்ல வந்ததை ஏற்கெனவே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால், அங்கே என் வேலை அநேகமாக வாயை மூடிக்கொள்வதுதான்.

---

பேத்தி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்புச்சிக்கு மாத்திரை நேரம் என்று கூப்பிட வந்தவள், எங்கள் பேச்சு காதில் விழுந்து பெஞ்சின் ஓரத்தில் நின்றாள். முகம் இன்னும் தெளியவில்லை. ஒரு வரிக்காரருக்குப் பதில் எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர் எதையும் கேட்கவில்லையே, எதற்குப் பதில்? அந்தத் திட்டத்தை நடத்துகிறவர்களிடம் நடத்தை விதி இருந்தால் அந்த வரியை அவர்கள் பார்வைக்கு வை, அத்தோடு விட்டுவிடு.

"ரெண்டாவது ஆளும் வேண்டாம்னுதானே மாமா சொல்லியிருக்காரு?"

"கடைசி வரியைப் படிச்சயா?"

போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரைக்கும் போனாள். சரிசெய்து அனுப்பினால் மறுபடி பார்க்கிறேன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேலே ஏறி, முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"மாமா, இந்த 'கொ' எப்படி மூணு துண்டாகும்? எனக்கு ரெண்டாத்தானே வந்துது? ககரம், அப்பறம் ஒகரக் குறி."

கடைக்காரரிடம் போண்டா மடிக்கும் காகிதம் ஒன்றை வாங்கி எழுதிக் காட்டினேன். முதல் வகை, க, அதன் பின்னால் முழு ஒகரக் குறி. இரண்டாம் வகை, க, அதன் பின்னால் எகரக் குறி, அதன் பின்னால் ஆகாரக் குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே எண்ணிக்கை வேறு.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"இதுல என்ன அதிசயம்? பள்ளிக்கூடத்துல எங்களுக்கு அப்படித்தான சொல்லிக் குடுத்தாங்க? ஒத்தக் கொம்பு, கானா, தொணைக்கால். மூணுதான்." விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தவர் நடுவில் நின்றார். "ஆனா இது தப்பால்ல இருக்குது. கொம்பு முன்னால வரோணும். நீ கானாவுக்குப் பின்னால போட்டிருக்கறயே?"

பேத்தி சிரித்துவிட்டாள். "தப்பில்ல அப்புச்சி, மிசினுக்குள்ள அப்படித்தான் வரிசை. எழுதறப்பத்தான் கொம்பு முன்னால போகும்."

"ஏன் அப்படி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் டீ மாஸ்டரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினேன். மாத்திரை இன்னும் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளும்.